உடைந்த சுரூபம், கழற்றிய செருப்பு, தெருவுக்கு வராத தேர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் ஜெபமாலையை பைக் கண்ணாடியில் தொங்கவிடுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்கள்தான் இந்த மாதம் அதிகம். சுற்றிச் சுற்றி எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்: புனிதமானவை என்று நாம் சொல்கிறவற்றை எப்படிக் கையாள்வது, எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்படத் தேவையில்லை. கத்தோலிக்கக் கோவிலில் பீடத்துணி துவைத்து, கிண்ணம் துடைத்து, பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், வீடு மாறுகிறோம். பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. கை உடைந்த அந்தோனியார் சுரூபம் (சிலை), விரிசல் விட்ட திருஇருதயப் படம், பல வருடத்துக் குருத்தோலைகள், அறுந்த ஜெபமாலைகள், கரையான் அரித்த தாத்தா காலத்து வேதாகமம். குப்பையில் போட்டால் பாவம், உடைந்ததை வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் அம்மா. என்ன செய்வது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், உடைந்த சுரூபத்தால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது. அப்படி ஒரு நம்பிக்கை கிறிஸ்தவத்தில் கிடையாது. ஆனால் அதைக் குப்பைத் தொட்டியில் போட அவருக்குக் கை வரவில்லை பாருங்கள், அது சரியான உணர்வு, அதை விட்டுவிட வேண்டாம். ஒரு பொருளைச் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, வாங்குகிறோம் என்றால் அதை ஆண்டவருக்கென்று ஒதுக்கிவிட்டோம் என்று பொருள். கொடுத்ததைத் திரும்ப எடுத்து நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். திருச்சபைச் சட்டம் 1171 இதைத்தான் சொல்கிறது: அர்ச்சிப்பாலோ ஆசீராலோ இறைவழிபாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருட்களை மரியாதையோடு நடத்த வேண்டும், அவை தனியார் கையில் இருந்தாலும் சாதாரண உபயோகத்துக்கோ பொருந்தாத உபயோகத்துக்கோ கொண்டுபோகக் கூடாது.

சரி, பெட்டிக்கு வருவோம். அந்தோனியாரின் கை ஒட்டக்கூடியதாக இருந்தால் ஒட்டி வையுங்கள், ஒட்டிய தழும்போடு இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தூள்தூளாகிவிட்டது என்றால் யாரும் மிதிக்காத இடத்தில் மண்ணில் புதைத்துவிடலாம். அடுக்குமாடியில் இருந்தால் பங்குக் கோவிலிலோ கல்லறைத் தோட்டத்திலோ கேளுங்கள், ஒரு மூலையைக் காட்டுவார்கள். ஆற்றிலும் குளத்திலும் போட வேண்டாம், அந்தச் சுண்ணமும் பெயிண்டும் தண்ணீருக்குக் கேடு. இரவோடு இரவாகக் கோவில் வாசலில் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். விடியற்காலையில் கதவைத் திறக்க வரும்போது படியில் தலையில்லாத மாதா சுரூபம் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாவம் தன் தலையில் விழக் கூடாது என்று அடுத்தவர் வாசலில் இறக்கிவைப்பதை மரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குருத்தோலைகளைத் திருநீற்றுப் புதனுக்கு முன்பு கோவிலில் கொடுத்துவிடுங்கள். போன வருடம் ‘ஓசன்னா’ பாடிக்கொண்டு பிடித்துப்போன ஓலையைத்தான் எரித்து, இந்த வருடம் நெற்றியில் சாம்பலாகப் பூசுகிறோம். ஜெபமாலை அறுந்துபோனால் ஆசீர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், திரும்பக் கோத்துக்கொள்ளலாம். படிக்க முடியாத அளவுக்குப் போய்விட்ட வேதாகமத்தை எரித்து, சாம்பலைச் செடியடியில் போடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. ஆனால் எரிப்பதற்கு முன் அதன் முதல் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, கல்யாணத் தேதி எல்லாம் அங்கேதான் எழுதி வைப்பார்கள். தாத்தா கையெழுத்து இருந்தால் அந்தத் தாளை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: போன ஞாயிறு பூசையில் நற்கருணையை, ஆண்டவரின் உடலான அப்பத்தை, கையில் வாங்கினேன். வாயில் வைப்பதற்குள், இடுப்பில் இருந்த குழந்தை தட்டிவிட்டு அப்பம் தரையில் விழுந்துவிட்டது. உடனே எடுத்து உட்கொண்டேன். பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, “இதற்கெல்லாம் சபை நீக்கம் உண்டு” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. (இரண்டு வயதுக் குழந்தையின் தாய், நாகர்கோவில்)

பதில்: தூங்கு மகளே. நீ செய்தது பாவமே இல்லை. தெரியாமல் நடந்த விபத்து அது. விழுந்தால் பயபக்தியோடு எடுக்க வேண்டும் என்பதுதான் திருப்பலி நூலின் பொது அறிவுரை, நீ அதைத்தானே செய்திருக்கிறாய். அந்தப் பெரியம்மா சொன்ன தண்டனை உண்மையில் இருக்கிறது, ஆனால் அது யாருக்கு என்றால், நற்கருணையை வேண்டுமென்றே வீசி எறிகிறவர்களுக்கு, கெட்ட நோக்கத்தோடு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆண்டவரிடம் வந்த தாய்க்கு இல்லை.

கையில் வாங்குவதை ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று சிலர் பேசுகிறார்கள். நாலாம் நூற்றாண்டிலேயே எருசலேம் ஆயர் புனித சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இடது கையை வலது கைக்கு அரியணையாக வை, அரசரை அல்லவா வரவேற்கப் போகிறாய் என்றார். அதோடு நிறுத்தவில்லை. உன் கையில் ஒருவர் பொன்துகள் கொடுத்தால் ஒரு துளி சிந்தாமல் எவ்வளவு கவனமாகப் பிடிப்பாய், இது பொன்னை விடப் பெரியதல்லவா என்றும் கேட்டார். ஆகவே, கையில் வாங்கினாலும் நாவில் வாங்கினாலும் அந்தப் பொன்துகள் கவனம் இருக்க வேண்டும். உட்கொண்ட பிறகு உள்ளங்கையை ஒரு தடவை பார். துகள் இருந்தால் நாவால் எடுத்துக்கொள். வாங்கிய இடத்திலேயே, கொடுத்தவர் முன்னாலேயே உட்கொள், நடந்துகொண்டே வாயில் போடாதே. குழந்தை இடுப்பில் இருக்கும் வரை நாவில் வாங்குவது உனக்கு வசதி. காரணம் அவ்வளவுதான், இதில் பாவ பயம் எதற்கு?

இங்கே ஒரு விஷயம் சொல்ல ஆசை. கிண்ணம் துடைக்கிற துணியையும் அப்பம் வைக்கிற துகிலையும் நாங்கள் எப்படித் துவைப்போம் தெரியுமா? முதல் அலசல் கையால்தான். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டோம். சில கோவில்களில் இதற்கென்றே ஒரு தொட்டி இருக்கும், அதன் குழாய் நேராக மண்ணுக்குப் போகும். இல்லாத கோவில்களில் மிதிபடாத மண்ணில் ஊற்றுவோம். நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் கெபிக்கு (மாதா குகைக்கு) பின்னால் ஒரு நந்தியாவட்டை இருந்தது, அதன் அடியில்தான் ஊற்றுவேன். அதற்குப் பிறகுதான் சோப்பு, இரண்டாவது துவையல் எல்லாம். 2004-ல் ரோமையிலிருந்து வந்த நற்கருணை ஒழுங்குமுறைகளிலும் இதை எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளுக்காக ஒரு குடம் தண்ணீரைத் தனியாகச் சுமந்துபோய் ஊற்றுவது யாருக்கும் தெரியாது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் நற்கருணையை நான் கற்றுக்கொண்டது அந்த நந்தியாவட்டைச் செடியடியில்தான்.

கேள்வி: சென்னையில் நாங்கள் போகும் கோவிலில் எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள். மே மாதம் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். என் மகன், “இயேசுவுக்கு ஷூ பிடிக்காதா?” என்று கேட்கிறான். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி இல்லை. அவரையும் கழற்றச் சொன்னது எனக்கு வருத்தம். (ஒரு வாசகர், சென்னை)

பதில்: தம்பி, மகனுக்கு விடுதலைப் பயணம் மூன்றாம் அதிகாரத்தைப் படித்துக் காட்டுங்கள். எரிகிற முட்செடி, “மிதியடியைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனிதமானது” என்ற குரல். மோசேக்கு முன்னால் அந்த இடம் ஆடு மேய்கிற வெறும் காடு. நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பை விடுகிறோம். இன்னொருவர் வீட்டில் நுழைகிறேன் என்பதைக் கால்தான் முதலில் ஒப்புக்கொள்கிறது. ஆண்டவர் வீட்டில் மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கிராமத்து ஜனங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இது ஏதோ விவரம் தெரியாதவர்கள் பழக்கம் என்று யாராவது சொன்னால், 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோமை அனுமதித்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களைச் சொல்லுங்கள். தரையில் உட்காரலாம், காலணியைக் கழற்றலாம், முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பி ஆழ்ந்து வணங்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பொருட்களை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம் என்பது. நம் பாட்டிமார் யாரையும் கேட்காமல் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்! புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை அது.

உங்கள் அப்பா விஷயம் வேறு. பாதத்தில் உணர்ச்சி இல்லாத சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மே மாத வெயிலில் கோவில் முற்றத்துக் கல் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது, புண்ணாகிய பிறகுதான் தெரியும். அவர் செருப்போடு உள்ளே வரட்டும். அல்லது உள்ளே போட மட்டும் சுத்தமான ஒரு ஜோடி வைத்துக்கொள்ளட்டும். யாராவது முறைத்தால் நீங்கள் பக்கத்தில் நின்று மெதுவாகக் காரணத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சுற்றுச்சுவரில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சிறுநீர் கழிக்கிறான். இயேசு, மாதா படம் போட்ட டைல்ஸ் பதித்தால் நின்றுவிடும் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் எல்லா மதத்துப் படமும் பதித்திருக்கிறார்கள். பதிக்கலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். உங்கள் எரிச்சல் புரிகிறது, அந்த நாற்றத்தில் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் அம்மா படத்தை அந்த இடத்தில் பதிப்பீர்களா? வீட்டுக்குள் மாலை போட்டு விளக்கேற்றுகிற முகத்தைத் தெருவில் அசுத்தம் தடுக்கிற காவலுக்கு நிறுத்துகிறோம். மனிதர்கள் கூசுவார்கள் என்று நம்பித்தான் பதிக்கிறோம், கூசாத ஒருவன் வந்தால் அவமானம் யாருக்கு? 787-ல் நடந்த இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைப் போய்ச் சேருகிறது என்று தீர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் நாம் சுரூபம் வைக்கிறோம், படம் மாட்டுகிறோம். வணக்கம் போய்ச் சேரும் என்றால் அவமரியாதையும் அதே வழியில்தான் போகும். சுவரோரம் ஒரு விளக்குப் போடுங்கள், செடி வையுங்கள், தெருவுக்குப் பொதுக் கழிப்பறை கேட்டு வார்டு உறுப்பினரிடம் எல்லோருமாகப் போய் நில்லுங்கள்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் கோவிலுக்குள் போகக் கூடாது, ஜெபமாலையைத் தொடக் கூடாது, நற்கருணை வாங்கவே கூடாது என்று என் மாமியார் சொல்கிறார். நான் மறுத்துப் பேசினால், “புனிதத்துக்கு மரியாதை தெரியவில்லை” என்கிறார். (புதிதாகத் திருமணமானவர், திண்டுக்கல் பக்கம்)

பதில்: மாமியாரிடம் சண்டை வேண்டாம் மகளே, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் சொல்வது திருச்சபையின் போதனை இல்லை. லேவியர் புத்தகத்தில் அப்படிச் சட்டம் இருந்தது உண்மை. அந்தச் சட்டப்படி பார்த்தால் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் வருகிற பெண், பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கு உள்ளவள், கூட்டத்துக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. அவள் தொட்டால் தொட்டவருக்குத் தீட்டு. அவள் தொட்டாள். இயேசுவுக்குத் தீட்டு ஒட்டவில்லை, அவரிடமிருந்து வல்லமை அவளுக்குப் போனது. பயந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றவளைக் கூட்டத்தின் நடுவே “மகளே” என்றார்.

ஏறக்குறைய 1400 வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் மறைபரப்பிய கான்டர்பரி அகுஸ்தீனார் கேட்டதற்கு, அந்த நாட்களில் பெண்கள் கோவிலுக்குள் வருவதையும் நற்கருணை வாங்குவதையும் தடுக்கக் கூடாது என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் பதில் எழுதியதாகப் பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலில் பதிந்திருக்கிறார். உடம்பு தானாகச் செய்வது குற்றம் ஆகாது என்பதுதான் அவர் சொன்ன நியாயம். அந்த நாட்களில் நானும் பீடத்துணி துவைத்திருக்கிறேன், பூ வைத்திருக்கிறேன், நற்கருணை வாங்கியிருக்கிறேன். வயிற்று வலி தாங்க முடியவில்லை என்றால் வீட்டில் படுத்துக்கொள், அது வேறு. நன்றாக இருந்தால் போ, ஜெபமாலையும் சொல்.

கேள்வி: எங்கள் பக்கம் ஒரு ஜெபக் குழுவில் மந்திரித்த எண்ணெய், உப்பு எல்லாம் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். சாதாரண எண்ணெய் ஒரு விலை, “விசேஷமாக ஜெபித்தது” என்றால் மூன்று மடங்கு விலை. வீட்டு நாலு மூலையிலும் ஊற்றினால் கடன் தீரும் என்கிறார்கள். (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: காசைப் பத்திரமாக வையுங்கள். வேளாங்கண்ணி எண்ணெயும் தீர்த்தமும் நம் வீட்டில் எல்லாம் உண்டு, நம்பிக்கையோடு பூசிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் ஆசீருக்கு விலை வைத்தால் அது வியாபாரம். திருத்தூதர் பணிகளில் மந்திரவாதி சீமோன் காசு கொடுத்து வரம் கேட்டபோது பேதுரு என்ன திட்டுத் திட்டினார் என்று எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள். புனிதர்களின் திருப்பண்டங்களை, அதாவது அவர்கள் எலும்பு, உடை போன்றவற்றை, விற்பதைச் சட்டம் 1190 அடியோடு தடை செய்திருக்கிறது.

இன்னொன்று. மோசே பாலைவனத்தில் செய்த வெண்கலப் பாம்பு, கடவுளே செய்யச் சொன்னது, பார்த்தவர்கள் பிழைத்தார்கள். அதைவிடப் புனிதமான பொருள் ஒன்று இருக்க முடியுமா? ஆனால் பிற்காலத்தில் ஜனங்கள் அதற்கே தூபம் காட்ட ஆரம்பித்தபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்து நொறுக்கினார் என்று இரண்டாம் அரசர்கள் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. உடைத்ததற்காக வேதாகமம் அவரைப் பாராட்டுகிறது. எண்ணெய் நம்மை ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணெயே கடன் தீர்க்கும் என்று நம்ப ஆரம்பித்தால் பாட்டிலை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். கடனுக்கு, கந்துவட்டி வாங்காத ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ வங்கியையோ பாருங்கள், பங்கில் வரவுசெலவு தெரிந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் மாதா சுரூபத்தை அவ்வளவு பக்தியாகத் தேரில் ஏற்றுவார்கள். தொடுகிறவர்கள் விரதம் இருக்க வேண்டும், செருப்புப் போடக் கூடாது. ஆனால் தேர் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். எங்களிடம் திருவிழா வரியும் வாங்குவதில்லை, வாங்கினால் எங்களுக்கும் உரிமை வந்துவிடுமாம். நான் மூன்று வருடமாகத் திருவிழாவுக்குப் போவதில்லை. நான் மாதாவை அவமதிக்கிறேன் என்று அப்பா அழுகிறார். அப்படியா? (ஊரைப் போட வேண்டாம் என்று கேட்ட இளைஞர்)

பதில்: இல்லை தம்பி. அவமதிப்பு நடப்பது உங்கள் தெருமுனையில், அதைச் செய்வது நீங்கள் இல்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

“தகுதியற்ற முறையில்” அப்பத்தை உண்பதைப் பற்றிப் பவுல் எச்சரிக்கிறாரே, முதல் கொரிந்தியர் பதினோராம் அதிகாரம், அதைச் சொல்லித்தான் சிறு வயதில் எங்களைப் பயமுறுத்துவார்கள். பல்லில் படக் கூடாது, இப்படி உட்காரக் கூடாது, அப்படிப் பார்க்கக் கூடாது என்று. ஆனால் பவுல் எதற்காக அந்த வரியை எழுதினார்? கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து தங்கள் உணவை உண்டு குடித்து வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். கடவுளின் சபையை இழிவுபடுத்தி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான், இப்படி உண்கிறவன் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் செய்கிறான் என்கிறார். அதாவது வேதாகமத்திலேயே நற்கருணை அவமதிப்புக்கு நேரடியாகக் காட்டப்பட்ட உதாரணம் கீழே விழுந்த துகள் இல்லை, வெட்கப்படுத்தப்பட்ட மனிதன். யாக்கோபு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் படியுங்கள், பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தலாடைக்காரனுக்குக் கால்மாட்டில் இடம் என்று கொடுத்தவர்களை அவர் என்ன கேட்கிறார் என்று.

திருச்சபைத் தந்தையர், அதாவது ஆதிகாலத்துப் பெரிய போதகர்கள், இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. கோவிலுக்குள் கிறிஸ்துவைப் பட்டால் மூடிவிட்டு வெளியே குளிரில் ஆடையில்லாமல் நிற்கிற கிறிஸ்துவைக் கண்டுகொள்ளாமல் விடாதே, “இது என் உடல்” என்றவர்தான் “நான் பசியாயிருந்தேன், நீ எனக்கு உணவு கொடுக்கவில்லை” என்றும் சொன்னார் என்று புனித கிறிசோஸ்தோம் பிரசங்கித்தார். மிலான் ஆயர் அம்புரோஸ் ஒரு படி மேலே போனார். 378-ல் ஆட்ரியானோப்பிள் போரில் உரோமைப் படை தோற்று, ஏராளமானவர்கள் கோத்தியரிடம் கைதிகளானபோது, கோவிலின் திருக்கிண்ணங்களை உருக்கி அந்தக் காசில் கைதிகளை மீட்டார். பழி சொன்னார்கள். பொன் பாத்திரங்களைக் காப்பதைவிட உயிருள்ள பாத்திரங்களைக் காப்பது மேல் என்று பதில் சொன்னார். கிண்ணத்தில் ஒரு கீறல் விழாமல் முப்பது வருடம் துடைத்தவள் சொல்கிறேன், அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

நம் நாட்டுத் திருச்சபைக்கும் இது தெரியாமல் இல்லை. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது, அது உண்மையான ஆன்மீகத்துக்கே ஆபத்து என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கனமான சமூகப் பாவம் என்றே சொல்கிறது. ஆகவே நீங்கள் தனியாக நிற்கவில்லை. நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து ஆயருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். விசுவாசிகள் தங்கள் தேவையையும் கருத்தையும் மேய்ப்பர்களிடம் சொல்ல உரிமை உண்டு என்று சட்டம் 212 கூறுகிறது, அந்த எண்ணைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

அப்பாவிடம் மட்டும் பொறுமையாக இருங்கள். தேர் திரும்பிப் போகிற தெருமுனையில் நின்றுகொண்டும் மாதாவைப் பார்த்துக் கைகூப்பியவர் அவர். கொடியேற்றத்துக்கு முந்தின இரவு அவரோடு வீட்டிலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுங்கள். மாதா பாடிய பாட்டு லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கிறது, வலியோரை அரியணையிலிருந்து இறக்கி, தாழ்ந்தோரை உயர்த்துகிறவரைப் பற்றி. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: திருமணத் திருப்பலியில் புகைப்படக்காரர்கள் பீடத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். யார் சொல்வது? (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: நடுப் பூசையில் சொன்னால் முகம் சுளிப்புதான் மிஞ்சும். காசு கொடுப்பவர் பேச்சுக்குத்தான் அவர்கள் கட்டுப்படுவார்கள், ஆகவே முந்தின நாளே பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையின் அண்ணனோ சொல்லிவிட வேண்டும்: பீடப் படியைத் தாண்ட வேண்டாம், சாமியார் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது விளக்கு வெளிச்சம் அடிக்க வேண்டாம், அந்த நேரம் யாரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: என் மாமியார் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். எல்லாம் படுக்கையில்தான். டயப்பர் மாற்றும்போதுகூட ஜெபமாலையை விடமாட்டார். மாத முதல் வெள்ளி சாமியார் நற்கருணை கொண்டுவருகிறேன் என்கிறார். அந்த அறைக்கு எப்படிச் சிஸ்டர் ஆண்டவரை அழைப்பது? எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை. (ஒரு மருமகள், கும்பகோணம்)

பதில்: அழையுங்கள் அம்மா, தயங்காமல் அழையுங்கள். எட்டு மாதமாக நீங்கள் கழுவித் துடைக்கிற உடம்பு ஞானஸ்நானம் பெற்ற உடம்பு, தூய ஆவியின் கோவில். நான் பீடத்துணி துவைத்ததற்கும் நீங்கள் அந்தப் படுக்கை விரிப்பைத் துவைப்பதற்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெபமாலையை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திரும்பக் கையில் கொடுங்கள், கயிறு இற்றுப்போனால் கோத்துக்கொடுங்கள்.

முதல் வெள்ளிக்கு அரை மணி முன்பு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, துவைத்த வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் இயேசு தொங்கும் ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி வைத்தால் போதும். டிவியை அணைத்துவிடுங்கள். மாமியாருக்குப் புதுச் சேலை மாற்ற முடியாவிட்டால் தலையை வாரிவிட்டு முகத்தைத் துடைத்துவிடுங்கள். அவர் காலையில் கஞ்சி குடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு மணி நேர உபவாசம் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கிடையாது, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கிடையாது. ஆகவே நீங்களும் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவரும்படி சாமியாரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாமியாருக்கு விழுங்கச் சிரமம் என்றால் சின்னத் துண்டு போதும் என்பதையும் சொல்லுங்கள். வாய் உலர்ந்திருந்தால் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் அந்த ஸ்டூலிலேயே இருக்கட்டும்.